முழுங்கிக் காட்டுறேன், பாருங்க

பயிற்சிப் பள்ளியின் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று வண்டி பழகுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவள் என்பதால் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் புருஷனுக்கே சட்டென்று வாயில் வராது.

ஊரில் பாதிப் பேர் அவளிடம் பழகியவர்கள்தான். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள். கிளட்சைப் பாதியில் விட்டால் திட்டுவாள், கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் அதைவிடத் திட்டுவாள். அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள்கூட மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். அவளிடம் பழகிவிட்டு லைசென்ஸ் தேர்வில் தோற்றவர்கள் குறைவு. பல வருடம் கழித்து அவளைத் தெருவில் கண்டால், நடந்து போகிறவர்கள்கூட ஒரு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ஓரம் மாறுவார்கள். அப்படி ஒரு பயம்.

அப்படிப்பட்டவளுக்கு, ஐம்பதைத் தாண்டிய பிறகு, தொடை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. பிறகு விரல்கள். சாவியைத் திருகப் போனால் மடங்க மறுத்தன. வயசு என்றார் ஒரு டாக்டர். மூட்டுத் தேய்மானம் என்றார் அடுத்தவர். எடை என்றார் மூன்றாமவர், அவளைவிட இரண்டு மடங்கு பருமனாக இருந்துகொண்டு. கடைசியில் தொடையிலிருந்து ஒரு துணுக்குத் தசையை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. லட்சத்தில் சிலருக்கு மட்டும் வரும் தசை நோய். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். நிறுத்துவதற்கு மருந்து இல்லை.

லாட்டரி வாங்கினால் மட்டும் விழமாட்டேன் என்கிறது என்று புருஷனிடம் சொன்னாள். அதற்குமேல் அழுது புலம்பவில்லை.

ஒருநாள் நாற்சந்தியில், வண்டி பழகிக்கொண்டிருந்த பெண் சைக்கிள்காரரைப் பார்க்காமல் திருப்பிவிட்டாள். பிரேக்கக்காவின் கால் ஒரு கணம் தாமதித்தது. மூளை சொன்னது, கால் கேட்கவில்லை. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நிறுத்தினாள். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே அவள் அந்த இருக்கையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அலுவலக அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாலை விதிகளை மட்டும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவளாக எழுந்தாள்.

தொடையை, விரலை ஊரறிய ஒப்புக்கொண்டவள் ஒன்றை மட்டும் மூடி மறைத்தாள். தொண்டையை.

அது மாத்திரையில் ஆரம்பித்தது. பெரிய மாத்திரை பாதி வழியில் நின்றது. பிறகு ரொட்டி. பிறகு சோறு. நெஞ்சுக்கு மேலே, கழுத்துக்குழியில், யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி நிற்கும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். வாழ்க்கையில் ஒரு நாளும் மென்று முழுங்கிப் பேசியறியாதவள் இப்போது ஒரு வாய்ச் சோற்றை மென்று முழுங்க நாலு முறை முயல வேண்டியிருந்தது.

தங்கை வீட்டில் ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது புரையேறியது. கண் பிதுங்க இருமினாள். சோற்றுப் பருக்கைகள் மேசையெங்கும் தெறித்தன. தங்கையின் கணவர் எழுந்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். இருமல் நின்றது. தங்கை ஒரு துணியைக் கொண்டுவந்து மேசையைத் துடைத்தாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். அந்தத் துணி போய்வந்த விதம் அவளுக்கு மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த அழைப்புக்கும் அவள் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் நேரமில்லை என்றாள். திமிர், தலைக்கனம், நாலு காசு வந்ததும் உறவு கசக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். திமிர்பிடித்தவள் என்ற பெயர் அவளுக்குப் பழகினதுதான். பரிதாபத்துக்கு உரியவள் என்ற பெயர்தான் பழகவில்லை. அலுவலகத்தில் மதியம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் ஆகும். சில நாள் அதற்கும் மேலே. ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோதும் தொடையைப் பற்றிச் சொன்னாள், விரலைப் பற்றிச் சொன்னாள், தொண்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

புருஷனை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை அல்லவா, அந்தப் பழக்கம் அவருக்கு வீடுவரை வந்திருந்தது. ஆனால் கண்ணும் காதும் எதையும் விடாது. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருநாள் சோறு, காய், முட்டை எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது.

"இது என்ன சாப்பாடா, சுவத்துக்குப் பூசற பட்டியா?" என்று கேட்டாள் அவள். மறுநாள் மிக்ஸியின் ஜாரைக் காணவில்லை. அது பயிற்சிப் பள்ளி காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. அவர் தேடினார், கண்டுபிடித்தார், கொண்டுவந்து வைத்தார். அவள் மறுபடி ஒளித்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே இந்தப் போர் பல வாரம் நடந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தது இறங்கவில்லை. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. சாப்பாட்டுத் துணுக்கும் தண்ணீரும் வழிதவறி நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம் என்றார்கள். வார்டு டாக்டர் ஒரு கரண்டி தண்ணீரைக் கொடுத்தார். அவள் இருமினாள். உடனே கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கவிடப்பட்டது: வாய் வழியாக எதுவும் தரக் கூடாது.

அவள் அதைத் திரும்பிப் பார்த்துப் படித்தாள். காய்ச்சலில் கண் எரிந்தபோதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள். புருஷன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பெரிய டாக்டர் நல்ல மனிதர். எதையும் பூசி மெழுகாமல் பேசுகிறவர். இந்த நோயில் தொண்டைத் தசையும் பாதிக்கப்படும், அது திரும்பி வராது, மறுபடி நிமோனியா வந்தால் பிழைப்பது கஷ்டம், ஆகவே வயிற்றில் ஒரு சின்னத் துளையிட்டு டியூப் வைத்து அதன் வழியாகவே இனி உணவு கொடுக்கலாம் என்றார். வரும் வாரமே செய்துவிடலாம் என்றார். மகள் தலையாட்டினாள்.

பிரேக்கக்கா எழுந்து உட்கார முயன்றாள். முடியவில்லை. படுத்தபடியே கேட்டாள்.

"டாக்டர், நீங்க என் தொண்டைக்குள்ள பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லைதான். ஆனால் தண்ணீருக்கு இருமியதும், நுரையீரல் படமும், நோயின் தன்மையும் போதுமான ஆதாரம் என்று விளக்கினார்.

"காய்ச்சல்ல கண்ணு தொறக்க முடியாம கெடந்தப்ப வச்ச பரீட்சை அது. நான் எவ்வளவு மோசமா ஓட்டறவங்களையும் ரோட்டுல விட்டுப் பாக்காம, உனக்கு வண்டி வராதுன்னு சொன்னதில்ல. என் வாயை மூடணும்னா மொதல்ல பாத்துட்டு மூடுங்க."

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிடிவாதம் பிடிக்காதம்மா, டாக்டர் உன் நல்லதுக்குத்தான் சொல்றாரு," என்றாள். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய டாக்டர் புருஷனைப் பார்த்தார். வீட்டில் முடிவெடுக்கிறவர் அவராக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. புருஷன் தலைமாட்டு அட்டையைப் பார்த்தார். பிறகு, "அவ சொல்றபடி செய்ங்க," என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பேசியதிலேயே அதுதான் நீளம்.

ஒரு சமரசம் ஏற்பட்டது. காய்ச்சல் இறங்கும்வரை மூக்கு வழியாக மெல்லிய டியூப் போட்டுக்கொள்ள அவள் சம்மதித்தாள். மூக்கணாங்கயிறு என்று அதற்குப் பெயர் வைத்து, நர்ஸ் அதைக் கழுவ வரும்போதெல்லாம் தலையை ஆட்டி மாடு மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். காய்ச்சல் இறங்கிய பிறகு, விழுங்குவதை எக்ஸ்ரேயில் வீடியோவாக எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அதைச் செய்கிறவள் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். முப்பது வயதிருக்கும், குரல் தணிந்த பெண். முதல்நாள் வார்டுக்கு வந்து என்னென்ன நடக்கும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டாள். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதில் எதையாவது கொண்டுவர முடியுமா என்று. பிரேக்கக்காவுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடமே பிடித்துப்போனது. மறுநாள் புருஷன் குழைய வடித்த சோறும், வேகவைத்த முட்டையும், ஒரு துண்டு ரொட்டியும் டப்பாவில் கொண்டுவந்தார்.

எக்ஸ்ரே அறை குளிர்ந்து கிடந்தது. நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கழுத்துக்குப் பக்கவாட்டில் கருவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூக்கு டியூபை எடுத்துவிட்டிருந்தார்கள். தெரபிஸ்ட் கனத்த ஈய அங்கியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே எடுப்பவரும், புருஷனும், எதிர்பாராத விதமாகப் பெரிய டாக்டரும் நின்றார்கள். நேரில் பார்க்கிறேன் என்று அவராகவே வந்திருந்தார். சுவரில் ஒரு திரை. அதில் அவளுடைய தாடையும் கழுத்தெலும்பும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

முதலில் வெள்ளை மருந்து கலந்த தண்ணீர், கரண்டியில். வாயில் வெள்ளையாக இருப்பது படத்தில் கறுப்பாகத் தெரியும் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். கறுப்பு நாக்கின் மேல் ஊர்ந்து, பின்னால் சரிந்து, தொண்டைக்குள் இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. உணவுக்குழாயின் வாசலில், பின்பக்கத்திலிருந்து ஒரு மேடு குறுக்கே துருத்திக்கொண்டிருந்தது. திறக்க வேண்டிய தசை திறக்காமல் அப்படியே முரண்டு பிடித்தது. கறுப்பில் பாதி உள்ளே போனது. மீதி மேலேயே குட்டைபோலத் தேங்கியது.

அடுத்து அதே தண்ணீர் தம்ளரில். அவள் ஒரு மடக்கு குடித்தாள். தேங்கிய குட்டை நிரம்பி முன்பக்கமாக வழிந்தது. மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருமல்கூட வரவில்லை. நன்றாக முழுங்கிவிட்டோம் என்று நினைத்து வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தாள். தெரபிஸ்ட் முகம் மாறியிருந்தது.

மெல்லச் சொன்னாள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது, உங்களுக்குத் தெரியாமலே.

பிரேக்கக்கா திரையில் அந்தக் கறுப்புக் கோட்டைத் தேடிப் பார்த்தாள். எஞ்சின் முனகுவதைக் கேட்டே கிளட்சில் கால் எங்கே இருக்கிறது என்று சொல்கிறவள் அவள். தன் கழுத்துக்குள் நடப்பது தனக்கே கேட்கவில்லை. இருமல் வந்தால்தான் ஆபத்து, வராவிட்டால் தப்பித்தோம் என்று இத்தனை நாளும் கணக்குப் போட்டிருந்தாள். தடுப்புக்குப் பின்னாலிருந்து பெரிய டாக்டர், போதும், நிறுத்திவிடலாம், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்றார்.

 தெரபிஸ்ட் அவளை நன்றாக இருமிச் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னாள். பிறகு குனிந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் சொன்னாள்.

"அம்மா, இப்ப நீங்க எனக்காகச் சாப்பிடறீங்க. நல்ல பிள்ளையா, நேரா உக்காந்து, ஒரே மடக்குல. வீட்ல கதவைச் சாத்திட்டு யாரும் இல்லாதப்ப எப்படிச் சாப்பிடுவீங்களோ, அதைக் காட்டுங்க."

அவள் அந்தப் பெண்ணை முறைத்தாள். கதவைச் சாத்துவது இவளுக்கு எப்படித் தெரியும்? புருஷன் சொல்லியிருக்க முடியாது. அவர் எதையும் சொல்கிற ஆளில்லை. பிறகு புரிந்தது. தான் ஒருத்தி மட்டும் கதவைச் சாத்தவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

தடுப்புக்குப் பின்னால் மூன்று ஆண்கள். சுவரில் தன் எலும்பு. துணியால் மேசையைத் துடைத்த தங்கை ஒரு கணம் நினைவுக்கு வந்தாள். இதைக் காட்டுவதைவிடத் துணியை அவிழ்த்துப்போட்டு நிற்பது சுலபம் என்று தோன்றியது. ஆனால் பார்த்துவிட்டு மூடு என்று சவால் விட்டவள் அவள்தானே.

"முழுங்கிக் காட்டுறேன், பாருங்க," என்றாள், அறைக்கே கேட்கும்படி.

குழைந்த சோற்றில் வெள்ளை மருந்தைப் பிசைந்து ஒரு வாய் கொடுத்தார்கள். அவள் அவசரப்படாமல் மென்றாள். பிறகு தலையை இடதுபக்கம், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரும்புவதுபோல, தாடை தோளைத் தொடும் அளவுக்குத் திருப்பினாள். கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு அழுத்தி விழுங்கினாள். திரும்பிய தலையைத் திருப்பாமல் இன்னொரு முறை. இன்னொரு முறை. தொண்டையைச் செருமினாள். வெறும் வாயை மறுபடி விழுங்கினாள். முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் ஓரத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

தலை திரும்பியிருந்ததால் படம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. ஆனாலும் கறுப்பு அந்த மேட்டின் ஓரமாக ஒரு சந்து கண்டுபிடித்து இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது முறையில் குட்டை கிட்டத்தட்ட வற்றிவிட்டது. மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒரு துளி போகவில்லை.

எக்ஸ்ரே எடுப்பவர் வாய்விட்டு "ஓ" என்றார். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரபிஸ்ட் கேட்டாள்.

யாரும் இல்லை. அந்த இருக்கையை விடுவதற்கு முன்பு ஒருநாள் காரில் முட்டை தின்றுகொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் கண்ணாடி பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துவிட்டான். அவனைத் திட்டுவதற்காகப் பின்னால் திரும்பியபோது தொண்டையில் நின்ற முட்டை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அன்றிலிருந்து இப்படித்தான் என்றாள். தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். அதன்பின் முட்டையைப் பார்த்தார்கள், கெட்டியாக்கிய பானத்தைப் பார்த்தார்கள், இரண்டும் இறங்கின. ரொட்டி இறங்கவில்லை. வாசலில் பசைபோல ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அதை வெளியே எடுக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்துப் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் ஒரு சின்ன அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தெரபிஸ்ட் எதையும் ஒளிக்கவில்லை. தண்ணீர், டீ எல்லாம் கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும். உலர்ந்த ரொட்டி இனி எப்போதும் வேண்டாம். குழைந்த சோறு, முட்டை, கனிந்த பழம், தலையைத் திருப்பி, வாய்க்கு மூன்று விழுங்கல். துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் தசையைப் பலூன் வைத்து விரித்துப் பார்க்கலாம். பலன் கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை, மறுபடி செய்ய நேரலாம். நோய் நிற்காது. டியூப் தேவைப்படும் நாள் ஒருவேளை வரலாம்.

பெரிய டாக்டர் தன் பயத்தை மறைக்கவில்லை. இதே நோயுள்ள ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், சாப்பாட்டு மேசையிலேயே மூச்சடைத்து இறந்ததைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். நீங்கள் தைரியசாலி, அதனால்தான் எனக்குப் பயம் என்றார்.

பிரேக்கக்கா அவர் சொன்னதை முழுதாகக் கேட்டாள். குறுக்கே பேசாமல் அவள் ஒருவரைக் கேட்பது அபூர்வம்.

"என் கால் ஒரு தடவை லேட்டாச்சு. அன்னிக்கே சீட்ட விட்டு எழுந்துட்டேன். யாரும் சொல்லல. இதுலயும் அப்படித்தான் இருப்பேன் டாக்டர். தண்ணி உள்ள போனதை என் கண்ணால பாத்துட்டேன், இனிமே பச்சத் தண்ணி தொட மாட்டேன். ஆனா சோறு இறங்கினதையும் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. இன்னிக்கு டியூப் வேணாம். வேணும்ங்கிற நாள்ல நானே வந்து கேப்பேன், அன்னிக்கு நீங்க லேட் பண்ணக் கூடாது."

அவர் சில நிபந்தனைகள் போட்டார். எடை குறையக் கூடாது. காய்ச்சல் என்றால் அன்றே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். கடைசி நிபந்தனையில்தான் சிக்கினாள். தனியாகச் சாப்பிடவே கூடாது. அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவள் அதற்கு மட்டும் நிறைய வாதாடினாள். டியூபுக்குக்கூட இவ்வளவு வாதாடவில்லை. அவர் இறங்கி வரவில்லை. கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள்.

பலூன் வைத்து விரித்தார்கள். கழுத்து சில நாள் வலித்தது. பிறகு, சாத்திய கதவு முழுதாகத் திறக்காவிட்டாலும், ஒருக்களித்துத் திறந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரச் சாப்பாடு முக்கால் மணி நேரமானது.

அலுவலகக் கதவின் தாழ்ப்பாளை அவளே புருஷனிடம் கழற்றச் சொன்னாள். மதிய வகுப்புக்கு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் தலையைத் திருப்பித் திருப்பி, செருமி, இருமி, துடைத்துச் சாப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கண்கொட்டாமல் பார்த்தாள். "என்னை ஏன் பாக்கற, போர்டுல இருக்கற சிக்னலைப் பாரு," என்றாள் பிரேக்கக்கா. மிக்ஸி விஷயத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. காயை அரைக்கலாம், சோற்றைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே நிறத்தில் கொண்டுவந்து வைக்கவே கூடாது.

ஒருநாள் அவளே தங்கைக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன், சோறு மட்டும் குழைய வை, நான் சாப்பிட்டு முடிக்க நேரமாகும், இருமுவேன், உன் புருஷன் என் முதுகில் கை வைக்கக் கூடாது என்று சொன்னாள்.  தங்கை, அத்தனை நாளும் அக்கா தன்மேல் கோபமாக இருப்பதாகத்தான் நினைத்திருந்ததாகச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் கடைசியாகச் சாப்பிட்டு முடித்தவர்கள் இருவர். தங்கை தன் தட்டை வேண்டுமென்றே மெதுவாகக் காலி செய்தாள். அது பிரேக்கக்காவுக்குத் தெரிந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தொடை இன்னும் மெலிந்தது. ஊன்றுகோல் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. தொண்டை மறுபடி இறுகி, இரண்டாம் முறை பலூன் வைக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை காய்ச்சல் வந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். டியூப் இன்னும் வரவில்லை.

அந்த இரண்டாம் பலூனுக்குப் பிறகு ஒருநாள், தசை நோயாளிகள் வரும் புறநோயாளிப் பிரிவில் காத்திருந்தாள். மதிய நேரம். புருஷன் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சலூன்காரர், மனைவியோடு. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையை மூடிவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகித் தொளதொளத்தது. பையில் மடித்த கைக்குட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. தெரபிஸ்ட் வந்து, விழுங்குவதில் ஏதாவது சிரமம் உண்டா என்று அவரிடம் கேட்டாள். ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றார் அவர். மனைவி வாயைத் திறந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி வாயை மூடிக்கொண்டாள்.

பிரேக்கக்காவுக்குப் பொறுக்கவில்லை.  புருஷனிடம் டப்பாவைக் கேட்டாள்.

அங்கே சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. காவலாளி வந்து அதைச் சுட்டிக்காட்டினார். தெரபிஸ்ட் அவரிடம் பரவாயில்லை விடுங்கள் என்றாள். பிரேக்கக்கா ஒரு வாய்ச் சோற்றை எடுத்தாள். நிதானமாக மென்றாள். இடதுபக்கம் தலையைத் திருப்பினாள். முகம் கோணக் கோண விழுங்கினாள். மறுபடி. மறுபடி. இருமினாள். ஒரு பருக்கை மடியில் விழுந்தது. காத்திருந்தவர்களில் சிலர் கீழே பார்த்தார்கள், சிலர் போனை எடுத்தார்கள். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாயை எடுத்தாள். யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்ற மாதிரி ராணியைப்போல உட்கார்ந்து, டப்பாவில் இருந்த கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.

சலூன்காரர் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. அவர் தொண்டைமுடிச்சு அவளோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

அவள் டப்பாவை மூடியபோது அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு வலது பக்கம் திருப்பினாத்தாங்க இறங்குது," என்றார்.

தெரபிஸ்ட் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். எப்படி என்று காட்டச் சொன்னாள்.